உவையள் வந்தாப்பிறகுதான்

எங்கள் ஒழுங்கையின் நல்ல தண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தவள் நான். அந்தப் பழியை ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் போட்டு, அவர்களை ஒழுங்கையை விட்டே துரத்தியவளும் நான்தான்.

சொல்லிவிட்டேன்!

இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "சீ, இப்படியும் ஒரு மனுஷியா!" என்று பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். நான் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. மன்னிக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் நீங்கள் அண்மையில் ஒரு மாடி எழுப்பியிருந்தால், ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தால், அல்லது அப்படி ஓர் அறையில் வாடகைக்கு இருந்திருந்தால்... நீங்களும் என்னோடு இதே கூண்டில்தான் நிற்கிறீர்கள். சற்றுத் தள்ளி நில்லுங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

என் பெயர் கௌரி. ஐம்பதைத் தாண்டியவள். மணமாகாதவள். என் இளமை முழுவதையும் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் நின்றே கழித்தேன். 'நின்றே' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார அனுமதியில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே உண்டவள் நான். மாலையில் அறைக்குத் திரும்பினால் கால்கள் என்னுடையவையாக இரா. அந்த அறையும் என்னுடையது அல்ல. யாரோ ஒருவர் வீட்டின் பின்புறத்து அறை. "லைற்றை நிப்பாட்டு", "இவ்வளவு தண்ணி எதுக்கு?", "ஆரோ உன்னைத் தேடி வந்தினமாம், ஆர் அது?"... இப்படியே வீடு மாறி வீடு, அறை மாறி அறை.

சண்டிலிப்பாயில் எங்கள் தகப்பனாரின் தோட்டக்காணியை அண்ணன்மார் விற்றபோது என் பங்கும் கைக்கு வந்தது. அதைச் சீதனமாக வைத்துக்கொண்டு இனியாவது ஒருவனைப் பார் என்றார்கள். நான் காணி பார்த்தேன். பல்கலைக்கழகத்துப் பக்கம், திருநெல்வேலியில், ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு பரப்பு. காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது. இன்னாரின் மனைவி என்றோ இன்னாரின் தங்கை என்றோ யாரையும் ஒட்டிக்கொண்டு நில்லாமல், தனியாக என் பெயர்! அதை வாசித்தபோது நான் அழுதேன். அந்தக் கண்ணீருக்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை.

அப்போதுதான் நகரம் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. பிரதான வீதியில் தனியார் மருத்துவமனை வந்தது. அதன் பக்கத்தில் மருந்துக்கடை, அதற்கு எதிரே ரியூசன் நிலையம், அதற்கும் அப்பால் ஒரு திருமண மண்டபம். வேலிகள் மதில்களாயின. மதில்களுக்கு மேலே மாடிகள் எழுந்தன. முச்சக்கர வண்டி ஒன்று எதிரே வந்தால் மோட்டார்சைக்கிள் ஒதுங்க இடமில்லாத ஒழுங்கையில், சீமெந்து லொறிகள் பின்பக்கமாக ஊர்ந்து வந்தன. எங்கிருந்தெல்லாமோ மாணவிகள், தாதியர், வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்து, அறை இருக்கிறதா என்று படலை படலையாகத் தட்டினார்கள். "யாழ்ப்பாணம் வளருது!" என்று எல்லோரும் பெருமைப்பட்டோம். நானும்தான்.

நானும் கட்டினேன். கீழும் மேலுமாக அறைகள், பெண்களுக்கு மட்டும். பார்க்க வந்த ஒவ்வொரு பிள்ளையும் முதலில் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "அட்டாச் பாத்ரூம் இருக்கோ அன்ரி?" இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒன்று! மற்றவர் வீட்டு மலசலகூடத்துக்கு வெளியே வரிசையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டவள் நான். என் அறைகளில் எந்தப் பெண்ணும் அப்படி நிற்கக்கூடாது என்று நினைத்தேன். இது குற்றமா?

குற்றம் அடுத்ததாக வருகிறது.

பிரதேச சபைக்குக் கொடுத்த வரைபடத்தில் கழிவுக்குழி காணியின் முன்பக்கத்தில், ஒழுங்கையோரமாக இருந்தது. ஆனால் முன்பக்கத்தில் இரண்டு கடையறைகளை எழுப்பினால் நல்ல வாடகை வரும் என்று பிறகு தோன்றியது. எழுப்பினேன். குழி பின்மூலைக்குப் போனது. பின்மதிலுக்கு அப்பால் கிரேஸ் அக்காவின் வளவு. மதிலிலிருந்து கை எட்டும் தூரம் என்று சொல்லலாம்... அங்கே அவருடைய கிணறு.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதிக் கிணறுகள் எல்லாம் குடிக்கத் தக்கவை அல்ல. என் காணிக் கிணற்றில் சவர்த் தண்ணீர். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. கிரேஸ் அக்காவின் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். கணவர் இறந்தபின் தனியாகவே இருந்தார். காலையும் மாலையும் படலையைத் திறந்து வைத்துவிடுவார். ஒழுங்கை முழுவதும் அங்கேதான் குடிதண்ணீர் அள்ளியது. சாதி, சமயம் எதுவும் அவர் கேட்டதில்லை. என் வீட்டு அத்திவாரத்துக்குச் சீமெந்து குழைத்ததுகூட அந்தத் தண்ணீரில்தான். என் கிணற்றுச் சவரில் குழைத்தால் கம்பி துருப்பிடிக்கும் என்று அவரே குழாயை மதிலுக்கு மேலால் போட்டுத் தந்தார்.

குழி வெட்டத் தொடங்கிய அன்று மேசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அக்கா, மதிலுக்கு அங்காலை கிணறெல்லே?"

"ஓம், அதுக்கென்ன?"

"கிட்டவாக் கிடக்கு. கீழை கல்லு, வெடிப்பு வெடிப்பா இருக்கும். அடிக்குக் கொங்கிறீற் போட்டுப் பூசினாலும் பரவாயில்லை."

அடிக்குக் கொங்கிறீற் போட்டால் குழி அடிக்கடி நிரம்பும். நிரம்பினால் பவுசரைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்றிருந்தது.

"அங்காலை கிணறு அவையின்ரை. இஞ்சாலை நிலம் என்ரை. நீங்கள் வெட்டுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் வெட்டினார்.

இப்போது உங்களுக்கு என்மேல் கோபம் வருகிறது, இல்லையா? நன்று. கோபத்தோடேயே ஒன்று சொல்லுங்கள், உங்கள் வீட்டுக் குழி எங்கே இருக்கிறது? அதற்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் எவ்வளவு இடைவெளி? தெரியாது! உங்களுக்குத் தெரியவே தெரியாது. பொத்தானை அழுத்தினீர்கள், தண்ணீர் சுழன்றது, போனது. எங்கே போனது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? எங்கள் பகுதியில் நிலத்தடிக் கழிவுக் குழாய் ஒன்றும் கிடையாது. நகரம் மேலே வளர்ந்தது, பக்கவாட்டில் வளர்ந்தது. கீழே என்ன நடக்கிறதென்று யார் குனிந்து பார்த்தோம்?

நானாவது என் குழியைப் பற்றிப் பெருமை பேசினேன். ஒழுங்கையில் மற்றவர்கள் இடைக்கிடை பவுசர் பிடிக்கும்போது, "என்ரை குழி இன்னும் ஒருக்காலும் நிரம்பேல்லை" என்று சிரித்துக்கொண்டு சொல்வேன். அத்தனை பெண்கள் இருக்கும் வீடு. ஒருமுறைகூட நிரம்பவில்லை! ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டேன் என்பதுதான் உண்மை.

நகரம் வளர்வதற்குக் கைகள் வேண்டும். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு மாடித்தொடர் எழுந்தது. வேலைக்கு மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார் ஒப்பந்தக்காரர். ஒரு கணவனும் மனைவியும் குழந்தையோடு அந்தக் காணியிலேயே தகரக் கொட்டில் போட்டுத் தங்கினார்கள். அவன் செல்வராஜ். அவள் புஷ்பா. குழந்தை தனுஷா, பாலர் பள்ளிக்குப் போகும் வயது, போகவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் சாக்கு மறைப்போடு ஒரு தற்காலிக மலசலகூடம் வைத்திருந்தார்கள். அது கிணற்றிலிருந்து வெகு தூரம். ஒழுங்கையின் மறு அந்தம்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நினைவில் வைத்திருந்தேன். அதுதான் என் குற்றத்தின் கனம்.

புஷ்பாவும் கிரேஸ் அக்காவின் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினாள். போகும் வழியில் என் படலையில் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அவள் பேச்சு எங்கள் பேச்சுப் போல் இராது. "அக்கா, ஒங்க வீட்டு மாதிரி ஒன்னு நாங்க கட்டணும்னா எத்தன வீடு கட்டணும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். அவளிடம் பெரிய பாத்திரம் இல்லையென்று என்னுடைய அலுமினியப் பானை ஒன்றைக் கொடுத்திருந்தேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது... இதை நான் எழுதாமலும் விட்டிருக்கலாம். எழுதினால் என் செயல் இன்னும் அசிங்கமாகத் தெரியும். தெரியட்டும்!

முதலில் என் மேல்மாடிப் பிள்ளை ஒருத்திக்கு வயிற்றோட்டம். கடைக் கொத்துரொட்டியின் வேலை என்றோம். பிறகு அவளுடைய அறைத்தோழிக்கு. பிறகு எதிர்வீட்டுப் பெரியவருக்கு. மழைக்காலம் முடிவதற்குள் செங்கண்மாரி வந்தது. ஒழுங்கையில் வீட்டுக்கொருவர் கண் மஞ்சளித்துப் படுத்தார்கள். தனுஷாவையும் ஆசுபத்திரியில் வைத்தார்கள். புஷ்பா வேலைக்கும் போக முடியாமல், ஆசுபத்திரியிலும் நெடுக நிற்க விடாமல், இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சென்றார். முடிவு வந்தது. கிணற்றில் மலக்கிருமி.

அந்தச் செய்தியைக் கேட்ட கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பின்கதவைத் திறந்து என் குழியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருக்காலும் நிரம்பாத என் குழி...! அது எங்கே வடிந்தது என்று இனி யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

வாசிகசாலையில் கூட்டம் போட்டார்கள். ஒழுங்கையின் தலைவர் போல எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் பாலன் அண்ணை பேசினார். கிரேஸ் அக்கா முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பரிசோதகர் அமைதியாக ஒன்றைச் சொன்னார்: "கிணத்துக்குக் கிட்ட இருக்கிற எல்லாற்றை குழியளையும் திறந்து பாக்கவேணும். சட்டப்படி இல்லாததை மூடச் சொல்லுவம். வேறை வழியில்லை."



ஒருவர் செருமினார். ஒருவர் தன் கைப்பேசியைப் பார்த்தார். பாலன் அண்ணையின் முகம் சுருங்கியது. அவர் அப்போதுதான் மூன்றாவது மாடிக்குத் தட்டுப் போட்டிருந்தார். அந்த ஒழுங்கையில் வரைபடத்தின்படி வெட்டிய குழி ஒன்றாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். எல்லோரும் தத்தம் நிலத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன்.

"இவ்வளவு காலமும் இந்தக் கிணத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. உவையள் வந்தாப்பிறகுதான் எல்லாம்" என்றேன்.

'உவையள்.' எங்கள் ஊரில் எட்ட நிற்பவரையும் சொல்லாமல், கிட்ட நிற்பவரையும் சொல்லாமல், நடுவில் நிற்பவரைச் சுட்டும் சொல். நான் விரலைக்கூட நீட்டவில்லை. யாருடைய பெயரையும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. எல்லோருடைய தலையும் ஒழுங்கையின் முடிவை நோக்கித் திரும்பியது.

அந்த முகங்களில் வந்த ஆறுதல்! பூட்டிக் கிடந்த ஒரு கதவை நான் திறந்துவிட்டது போலிருந்தது.

"ஓம், கௌரி சொல்லுறது சரி."

"சாக்கைக் கட்டிப்போட்டு உள்ளுக்கை என்ன செய்யினமோ, ஆருக்குத் தெரியும்?"

"பிள்ளையையும் கிணத்துக்கட்டிலை இருத்திக் கழுவினவளாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை யார் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அது பொய். அப்படி ஒன்றை யாரும் பார்க்கவில்லை. ஆனால் என் சொல் ஈன்ற குட்டி அது. நான் மறுக்கவில்லை.

பரிசோதகர், "அந்த மலசலகூடம் தூரத்திலையெல்லே இருக்கு? பரிசோதிக்காமல் ஒண்டும் சொல்லேலாது" என்றார். யார் கேட்டார்கள்? பாலன் அண்ணை அந்த இடத்திலேயே ஒப்பந்தக்காரருக்குப் போன் எடுத்தார். கிரேஸ் அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. தகரத்தையும் பாயையும் இரண்டு வாளிகளையும் பெட்டியில் ஏற்றினார்கள். தனுஷாவை அன்று காலைதான் ஆசுபத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். தகப்பனின் தோளில் துவண்டு கிடந்தாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

புஷ்பா என் படலைக்கு வந்தாள். கையில் என் அலுமினியப் பானை. சாம்பல் போட்டு மினுக்கியிருந்தாள்.

"அக்கா, இது ஒங்க பான."

நான் வாங்கிக்கொண்டேன்.

"நாங்களும் அந்தத் தண்ணியத்தானே அக்கா குடிச்சோம்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல், எனக்கு விளங்கியிருக்கும் என்று நம்பிக் கேட்டாள். நான் பதில் தருவேன் என்று நின்றாள்.

நான் படலையைச் சாத்தினேன்.

இதற்கு என்னிடம் வாதம் இல்லை. குழிக்கு வாதம் இருக்கிறது. நூறு வாதம் இருக்கிறது. எந்த நீதிமன்றத்திலும் நிமிர்ந்து நின்று சொல்வேன். படலையைச் சாத்தியதற்கு...? ஒன்றுமில்லை. உலோபி கையை மூடுவது போல நான் கதவை மூடினேன். அவ்வளவுதான்.

அவர்கள் போனபிறகும் இரண்டு பேருக்குச் செங்கண்மாரி வந்தது. "உவையள் விட்டுட்டுப் போன கிருமி" என்றார்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். பிறகு யாரும் அதில் குடிக்கவில்லை. பெரிய போத்தல்களில் தண்ணீர் விற்கும் வண்டி ஒழுங்கைக்குள் வரத் தொடங்கியது. பின்னர் குழாய்த் தண்ணீரும் வந்தது. குழிகளைத் திறந்து பார்க்கும் கதையைப் பாலன் அண்ணை எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை, ஒருவரும் எடுக்கவில்லை. பரிசோதகருக்கும் இடமாற்றம் கிடைத்தது. என் அறைகள் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. இன்றும் இல்லை.

நான் அவர்களைத் தேடவே இல்லை என்று நினைக்கிறீர்களா? தேடினேன். ஒப்பந்தக்காரரைக் கேட்டேன்.

"உவையின்ரை விலாசம் ஆர் அக்கா வச்சிருக்கினம்? இண்டைக்கு இஞ்சை, நாளைக்கு எங்கையோ. கிளிநொச்சிப் பக்கம் ஒரு வேலையிலை நிண்டதாக் கேள்வி" என்றார்.

பேருந்து ஏறினேன். கிளிநொச்சியில் பாதி எழுந்த ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று, புஷ்பா என்று ஒருத்தி இங்கே வேலை செய்கிறாளா என்று விசாரித்தேன். இருக்கிறாள் என்றார்கள். கூப்பிடப் போனார்கள். அந்தச் சில நிமிடங்கள்... என்ன சொல்லப் போகிறேன்? எங்கிருந்து தொடங்குவேன்? 'தனுஷா எப்படி இருக்கிறாள்' என்ற கேள்வியை எந்த வாயால் கேட்பேன்?

சீமெந்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். வேறு புஷ்பா.

என் நெஞ்சு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது! தேடிப்போனவள், தேடியது கிடைக்கவில்லை என்று மகிழ்ந்தேன். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு முதல் பேருந்திலேயே திரும்பினேன். வேறு கட்டடங்களுக்குப் போகவில்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடந்த ஆண்டு கிரேஸ் அக்கா வளவை விற்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் தங்களிடம் வந்துவிடச் சொல்லி வற்புறுத்தியிருந்தார்கள். அவர் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் ஒன்று அரித்தது. ஒருநாள் பின்னேரம் போனேன். அவர் அலுமாரியிலிருந்த துணிகளைக் கட்டிலில் பரப்பி, எதைக் கொண்டுபோவது, எதைக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழி வெட்டிய இடம், அடிக்குக் கொங்கிறீற் போடாதது, கூட்டத்தில் நான் சொன்ன சொல், படலை... எதையும் விடவில்லை. அவர் கையிலிருந்த சேலையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"கௌரி, இதை ஏன் இப்ப வந்து எனக்குச் சொல்லுறாய்?"

"சொல்லாமல் இருக்கேலாமல் கிடக்கு அக்கா. உங்கடை கிணறு..."

"வாற கிழமை உறுதி எழுத வருகினம். கிணத்திலை பிழை, பக்கத்து வளவுக் குழியிலை பிழை எண்டு கதை கிளம்பினால் வாங்கிறவை பின்வாங்கிப் போடுவினம். விளங்குதோ? நீ வாயைத் திறக்காதை."

திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார்... எல்லாவற்றுக்கும் என்னைத் தயார்ப்படுத்தியிருந்தேன். இதற்கு அல்ல.

"அக்கா, அந்தச் சனங்களைக் கலைச்சது நான்..."

"நீ மட்டுமோ?" சேலையை இப்போதுதான் கீழே வைத்தார். "என்ரை பிள்ளையள் வந்து நிக்கிறதுக்கெண்டு நான் கட்டினனே பாத்ரூம், அதின்ரை குழி எங்கை கிடக்கு எண்டு நினைக்கிறாய்? கிணத்துக்கு இந்தப் பக்கம். உன்ரையிலும் பாக்கக் கிட்ட. அண்டைக்குக் கூட்டத்திலை நான் ஏன் வாய் திறக்கேல்லை? நீ எழும்பி அந்தக் கதையைச் சொல்லேக்கை எனக்கு மூச்சு வந்தது, கௌரி. ஆண்டவரிட்டைச் சொல்லு. எனக்குச் சொல்லாதை."

பிறகு அவர் எனக்கு ஒரு சேலை தந்தார். நல்ல பட்டு. வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. புடவைக்கடையில் பழகிய கை, அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது.

அப்படியானால் கிணற்றைக் கெடுத்தது என் குழியா, அவருடைய குழியா? யாருக்குத் தெரியும்! கீழே கல்லின் வெடிப்புகளுக்குள் எல்லோருடைய வீடும் ஒன்றாகத்தான் கலந்திருக்கும். இது எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும் அல்லவா? வீதி வரை வந்தேன், ஆறுதல் வரவில்லை. வீட்டுக்குள் வந்தேன், வரவில்லை. என் கனத்தில் பாதியை அவர் வாங்கிக்கொள்வார் என்று போனேன். அவரோ குழியை மட்டும் பங்கிட்டுக்கொண்டு, சொல்லை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அந்தச் சொல்லைச் சொல்ல எழுந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்து மூச்சுவிட்டார்கள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. ஒழுங்கைக்கு இது வேண்டாம். கிரேஸ் அக்காவுக்கு வேண்டாம். நீங்களும் வேண்டாம் என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழியை மூடிவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. முன்பக்கத்துக் கடையறைகளை இடித்தால்தான் முறையான குழி வெட்ட இடம் வரும். இடிக்க மாட்டேன். ஒழுங்கையில் எல்லோரும் திறக்கட்டும், எல்லோரும் இடிக்கட்டும், அன்றைக்கு என் மண்வெட்டி முதலில் விழும். நான் மட்டும் ஏன் தனியாக நல்லவளாக வேண்டும்? இந்தக் கேள்வியில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன்.

கிரேஸ் அக்காவின் வளவில் இப்போது ஐந்து மாடி எழுகிறது. கிணற்றை மண் போட்டு நிரவிவிட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் வளவின் மூலையில் கொட்டில் போட்டிருக்கிறார்கள். காலையில் புகை எழுகிறது. பெண்களின் குரல் கேட்கிறது. இரண்டு மூன்று குழந்தைகளும் இருக்கின்றன.

அந்தக் குழந்தைகளில் யாராவது அழுதால் நான் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மேல்மாடிக்கு ஏறுகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன். தனுஷாவுக்கு இப்போது என்ன வயது, எந்த உயரம் வளர்ந்திருப்பாள், வளர்ந்துதான் இருப்பாளா... எனக்குத் தெரியாது. பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பதுகூடத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். அவள் இல்லை. இறங்கி வந்து விட்ட வேலையைத் தொடர்கிறேன்.

இதை மனந்திருந்துதல் என்று நினைத்து என்மேல் இரக்கப்படாதீர்கள். அவள் இல்லை என்று கண்டவுடன் ஒவ்வொரு முறையும் எனக்கு ஓர் ஆறுதல் வருகிறது. கூட்டத்தில் அன்று எல்லோர் முகத்திலும் வந்த அதே ஆறுதல். அது அடங்குவதற்குள் மறுபடியும் ஏதாவதொரு குழந்தை அழுகிறது. நான் மறுபடியும் படியேறுகிறேன்.